மானுக்குப் பயம் கொடுத்தவன்

அந்த மானின் கொம்புகளுக்கு நாற்பது லட்சம் பேசி முடித்தாயிற்று. உயிர் அதோடு சேர்த்தி, தனி விலை கிடையாது. உலகத்திலேயே அந்த இனத்தில் பன்னிரண்டுதான் மிச்சம் என்பதால் வேட்டைப் பண்ணை முதலாளி குழந்தைவேலு ஒரு பைசா இறங்கவில்லை. ஆனால் சுட வந்த நகைக்கடைக்காரர் துப்பாக்கியை உயர்த்தியதும் மான் ஓடிவந்து அவர் கையை நக்கியது. புட்டிப்பாலில் வளர்ந்த மான்.

"ஓடாததைச் சுட்டா அது கசாப்புய்யா, வேட்டையில்ல" என்று ஒரு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார் அவர்.

"மாயழகு, நீதான பால் குடுத்துக் கெடுத்த. நீயே பயத்தையும் குடு" என்றார் முதலாளி.

பண்ணையாள் மாயழகு தினமும் அதைக் கல்லால் அடித்தான். முதல் வாரம் அது விழுந்த கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடமே திரும்பி வந்தது. அவன் இன்னும் பெரிய கல்லாக எடுத்தான். இருபதாம் நாள் புதருக்குள் போனது, பிறகு யார் கண்ணிலும் படவில்லை. நகைக்கடைக்காரர் வந்து மூன்று நாள் காத்திருந்துவிட்டு கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

"உசுரோட இருந்தா மானைக் காட்டு. செத்திருந்தா கொம்பைக் காட்டு, அதுக்காவது விலை வரும்" என்றார் முதலாளி.

அவனால் இரண்டையும் காட்ட முடியவில்லை. வைக்கிற தீனி மட்டும் விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. தொட்டியைச் சுற்றி ஈர மண்ணில் ஒரு குளம்படிகூட இல்லை. பண்ணைப் பதிவேட்டில் மாயழகு நாள்தோறும் எழுதுகிறான்: இருப்பு, ஒன்று. கண்ணில் பட்டது, இல்லை.