கடைசி விதைகள்

“மேடம், நீங்க போட்டோல காட்டுன செடி இங்க கீது. களையோட புடுங்கறதுக்குள்ள வாங்க!”

“கைய வைக்காதீங்க லோகு அண்ணா!”

கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் லோகுவின் போனை வைத்துவிட்டு, தாவரவியல் ஆசிரியை சந்திரிகா குரோம்பேட்டையிலிருந்து அங்கே ஓடி வந்தாள். தாம்பரத்துக் காட்டில் அற்றுப்போன செடி அது. கடைசி விதைகளைச் சேர்த்து வைத்திருந்த அவளுடைய பேராசிரியை கிரேஸ் இறந்தபின், ஆய்வகம் முழுக்கத் துழாவியும் அவை கிடைக்கவில்லை.

அதே செடிதான். பூத்திருந்தது.

“யாரு நட்டது?”

“பொணமா வந்து நடும்? தானா மொளச்சிது மேடம். இந்த ஒரு சமாதி மேலதான் கீது. அதுவும் நெஞ்சாண்ட.”

சிலுவையில் கிரேஸின் பெயர்.

ஆசைப்பட்டபடியே அவரை ஆய்வகக் கோட்டோடு புதைத்தார்கள். அதன் மேல்பையில் மட்டும் சந்திரிகா தேடவில்லை.

“இந்த விதையை விரல் ஆழத்துக்கு மேல் போட்டால் முளைக்காது” என்று பாடம் நடத்தியவர் அவர்தான்.

குழி ஆறடி.