தெரியுதா அத்தை?

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை. நிஜமாவே ஒண்ணும் தெரியலையா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சொல்றதுக்கு எனக்கென்ன வாயா வலிக்குது?" என்றாள் மாமியார், கட்டிலில் காலை நீட்டியபடி.

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியாரின் முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளி, முடி போல மெல்லிய ஊசி ஒன்று குத்திட்டு நின்றது. சரியான இடம், சரியான ஆழம். ஊசி உள்ளே பிடித்த மாதிரிதான் அவள் விரலுக்கும் பட்டது. ஆனால் அக்குபங்சர் வகுப்பில் அந்தப் பேச்செல்லாம் எடுபடாது. ஊசி போட்ட இடம் ஆளுக்குக் கனக்க வேண்டும். சுர்ரென்று பாதம் வரைக்கும் இறங்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் அது பாராட்டு இல்லை, ஊசி இடத்தைத் தொடவில்லை என்று அர்த்தம்.

"உன் விரலை நம்பாதே, படுத்திருக்கிறவங்க வாயைக் கேளு" என்பார் அழகுக்கலையும் அக்குபங்சரும் சொல்லித் தரும் அந்தப் பயிற்சி நிலையத்தின் தலைமை ஆசிரியை. கூட்டியும் பேச மாட்டார், குறைத்தும் பேச மாட்டார். அதனால் மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் தராசு மேடம்.

ஒருவருக்கு ஊசி சரியாகப் பிடித்துவிட்டால் அடுத்த ஆளுக்குப் போட்டுப் பழக வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். கூடப் படிப்பவர்கள் எல்லாம் சித்தி, நாத்தனார், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஊரையே ஒரு சுற்று குத்தி முடித்திருந்தார்கள். இவள் மட்டும் இத்தனை மாதமாக மாமியாரின் காலைத் தாண்டவில்லை.

ஃபேஷியலில் அவள்தான் முதல். மசாஜில் அவள் கை பட்டால் தூங்காதவர் கிடையாது. இந்த ஊசிதான் காலை வாரியது. நாளைக்குச் செய்முறைத் தேர்வு. தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் அங்கேயே சிகிச்சை மையத்தில் வேலை. இல்லையென்றால் மறுபடியும் முதல் பாடம். வீட்டில் அதற்கு இன்னொரு தடவை சம்மதம் வாங்குவது நடக்கிற காரியமில்லை.

"பேசாம உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன் அத்தை."

"அவனையா? ஊசி டப்பா சத்தம் கேட்டாலே செருப்பைத் தேடுற வீரன் அவன்! நானே வர்றேன் விடு. அது கிடக்கட்டும், உங்க வகுப்புல அந்தக் கண்ணாடிக்காரி இன்னைக்கு என்ன கூத்து அடிச்சா? அதைச் சொல்லு."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கண்ணாடிக்காரி பொம்மைக்கு முகப்பூச்சு போடுகிறேன் என்று தன் கண்ணாடிக்கே பூசிக்கொண்ட கதை. மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். இந்தப் பயிற்சிக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது சாப்பாடு, துணி, கதவைப் பூட்டு, அவ்வளவுதான். எந்த மாமியார் தன் காலைக் கொடுத்து, குத்திப் பழகிக்கோ என்பாள்? அதை நினைத்தால் மருமகளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மறுநாள் தேர்வுக்கூடத்தில் மாமியாரைப் படுக்க வைத்தாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினாள்.

தராசு மேடம் குனிந்தார். "சொல்லுங்கம்மா, என்ன தெரியுது?"

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தொண்டையைச் செருமினாள்.

"கனமா இருக்குங்க, மணல் மூட்டையை வச்ச மாதிரி. சுர்ருன்னு பாதம் வரைக்கும் இறங்குது. பெருவிரல் பக்கம் எறும்பு ஊருது."

தராசு மேடம் நிமிர்ந்தார். "நல்ல கைம்மா உனக்கு. பாஸ்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்ததும் மாமியாரைத் தள்ளாத குறையாக மாடிப்படிப் பக்கம் அழைத்து வந்தாள்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. எனக்காகப் பொய்தானே சொன்னீங்க?"

"பாஸ் ஆயிட்டேல்ல? வா, பஸ் போயிடப் போகுது."

"நேத்து வரைக்கும் ஒண்ணும் தெரியாத காலுக்கு இன்னைக்கு மட்டும் எப்படித் தெரியும்? நான் தினமும் புலம்புனதைக் காதுல வாங்கி, அப்படியே ஒப்பிச்சுட்டீங்க. நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் காலம் பூரா கடமைப்பட்டிருக்கேன் அத்தை. ஆனா, இடம் பிடிபடாத கையை வச்சுக்கிட்டு நோயாளிங்களைத் தொட்டா அது பாவம். மேடம்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் திரும்பி நடந்தாள். மாமியார் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லும்மா. பொய் சொன்னேன்தான்."

"பார்த்தீங்களா!"

"இன்னைக்கு இல்ல." மாமியாரின் பார்வை தரைக்குப் போனது. "முதல் நாளே கனமாத்தான் இருந்துச்சு. பாதம் வரைக்கும் இறங்கவும் செஞ்சுது. தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மறுநாளே நீ எதிர்வீட்டுக்காரி காலைப் பிடிச்சுக்கிட்டுக் கதை பேசப் போயிருப்பியே!"