கரியன் போகும் நாள்

கரியன் என்கிற பேயை ஊர் ஊராகப் போய் விரட்டுவதுதான் கரியோட்டிகளின் பிழைப்பு. அது ஓடிப்போன பிறகு அந்த ஊரில் அவர்கள் அடுப்பு மூட்டக் கூடாது; உடனே கிளம்பிவிட வேண்டும். அது குலக் கட்டுப்பாடு.

"சாயங்காலம் அந்தச் சனியனைத் துரத்திடுவேன். மூட்டையைக் கட்டு" என்றான் தங்கதுரை, உடுக்கையைத் துடைத்தபடி.

"நிறைமாசம்யா எனக்கு. மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியிலயே பெத்துட்டுப் போகலாமே" என்றாள் மனைவி மாயம்மாள்.

"கிட்டங்கி முதலாளி சேட்டனுக்கு வாக்குக் குடுத்தாச்சு. கரியனுக்கு இரக்கம் காட்டுறவ கரியோட்டியே இல்ல."

அவன் சாயாக்கடைக்குக் கிளம்பிப் போனான். சற்றுப் பொறுத்து, கரியனுக்குப் பிடித்த கருவாட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு, பேய் குடியிருந்த மிளகு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் பின்பக்கம் போனாள் மாயம்மாள்.

அங்கே ஏற்கெனவே கருவாட்டுப் படையல் இருந்தது. அதன் முன்னால் தங்கதுரை கைகூப்பி நின்றிருந்தான்.

"பிள்ளை பொறக்கிற வரைக்கும் போயிடாத, சாமி!"