ஃப்ரீசருக்குப் பொட்டு

ஃப்ரீசரின் நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு சாமந்திச் சரம். எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. சுவிட்சைத்தான் யாரோ அணைத்திருந்தார்கள்.

பிரேம்குமார் கதவைத் திறந்தான். மைனஸ் எண்பது டிகிரியில் முகத்தில் அறைய வேண்டிய குளிர், சாதாரண ஓசூர்க் காற்றாக வந்து விசாரித்துவிட்டுப் போனது.

உள்ளே இருந்தது அவனுடைய சரக்கு மட்டும்தான். குப்பியைச் சாய்த்துப் பார்த்தான். கல்லாக உறைந்திருக்க வேண்டியது தண்ணீராக ஓடியது. இனி எதற்கும் உதவாது.

உடம்பைக் காவல் காக்கும் செல்களின் மேல் கை மாதிரி ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். வருகிற ஆள் யாரென்று தொட்டுப் பார்க்கிற கை. செல்லை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் தனியாகச் செய்து ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்பதுதான் கம்பெனியின் தொழில். ஊத்தங்கரையில் சொந்தக்காரர்கள் கேட்டால் "மருந்துக் கம்பெனி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான்.

இந்தக் கையைச் செய்து முடிக்க ஒரு வருடம் ஆகியிருந்தது. சரியாக வந்தால் வேலை நிரந்தரம் என்று ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் சுஜாதா மேடம் சொல்லியிருந்தார். பிடிக்க வேண்டியதை அது பிடிக்கிறதா என்று பார்க்கும் கடைசிச் சோதனை, ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம்தான். முடிவை லீவு கழித்து நேரில் சொல்லலாமென்று வைத்திருந்தான்.

ஃப்ரீசரின் பேட்டரி அலாரம் லீவு முழுக்க அடித்துத்தான் இருக்கும். கேட்க ஆள்தான் இல்லை.

"நாந்தான் தம்பி அணைச்சேன்." மாப்பும் கையுமாக மாரம்மா நின்றாள். "லேத்துப் பட்டறையில கூட்டிக்கிட்டு இருந்தவ நானு. மிசினை நிறுத்தாம எவனாச்சும் பொட்டு வெப்பானா? பாவம், இதுவும் வருசம் பூரா உறுமிக்கிட்டே கெடக்குது. ரெண்டு நாளு தூங்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

துப்புரவு வேலைக்கு அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் ஏஜென்சிக்காரன் விளக்கம் கேட்கிற ஜாதியில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டுவிடுவான்.

அவன் முகத்தை அவள் பார்த்தாள். "ஏந்தம்பி, எதுனா ஆயிருச்சா?"

"ஒண்ணும் ஆவலக்கா. நல்லாத் தூங்கியிருக்குது."

சுவிட்சைப் போட்டான். ஃப்ரீசர் சோம்பல் முறித்து உறுமியது.

சுஜாதா மேடம் உள்ளே வந்தார். பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "அப்புறம் பிரேம், ரிசல்ட் என்னாச்சு?"

"ஃபெயில், மேடம். எதையுமே பிடிக்கல. எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து செய்யணும்."

சிரிப்பு நின்றது. "அப்ப உன் கன்ஃபர்மேஷனும் முதல்லேர்ந்துதான்" என்றபடி மேடம் போய்விட்டார்.

மாரம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூஜைப் பொரியை ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போவட்டும் வுடு சாமி. ஒரு வாட்டி வரலைன்னா என்ன, கையா ஒடிஞ்சுபோச்சு? அடுத்த வாட்டி நல்லா வரும் பாரு."

பொரி நமத்துப் போயிருந்தது. மென்றுகொண்டே செல்போனை எடுத்தான்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் கணினித் திரையை எடுத்த படம். கீழே மூலையில் புறப்பட்ட ஒரு கோடு, ராயக்கோட்டை மலை மாதிரி ஏறி, உச்சியில் போய் நின்றிருந்தது. எதைப் பிடிக்க வேண்டுமோ அதை அந்தக் கை விடாமல் பிடித்திருந்தது.

படத்தை அழித்தான்.

"இன்னும் கொஞ்சம் பொரி இருக்காக்கா?"