ஆறாவது கிரகத்துக் கிணறு

"ஆறாவது கிரகத்திலயும் கிணறா?" என்று கேட்டான் மைக்கல்.

"ஓம், கிணறுதான். பக்கத்தில ரெண்டு கான் கிடக்குது. ஒண்டு அஞ்சு லீற்றர், மற்றது மூண்டு. சரியா நாலு லீற்றர் அளந்து ஊத்தினால்தான் கதவு திறக்குமாம்," என்றாள் சீலா.

கட்டிலில் சாய்ந்திருந்த மைக்கல் சிரித்தான். "இது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கணக்கெல்லே. அஞ்சை நிரப்பி மூண்டில ஊத்தும். மூண்டைக் கவிட்டுப்போட்டு, மிஞ்சின ரெண்டை அதுக்குள்ள விடும். திரும்ப அஞ்சை நிரப்பி, மூண்டு நிரம்புமட்டும் ஊத்தும். அஞ்சில நாலு நிக்கும்."

மேசையடியில் இருந்தபடி சீலா கீபோட்டைத் தட்டினாள். விடிந்தது தொடக்கம் துணிக்கடையில் நின்ற கால். பிறகு செக்பொயின்ற் வரிசை. அன்புவழிபுரத்து வீட்டுக்கு நடந்து வந்து, குசினிக்குள் புகுந்து ரொட்டி சுட்டு, கணவனுக்கு வாயில் தீத்தி, பாத்திரம் கழுவி, அதற்குப் பிறகு இந்த விண்வெளிப் பயணம். நித்திரை கண்ணைச் சுழற்றியது. ஆனால் விடவும் முடியாது.

போன வருடம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வெடித்த குண்டு மைக்கலின் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. துறைமுக வீதியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தவன், ஆஸ்பத்திரியால் வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். ஒரு வாய் சோறு தின்ன வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலையாகிவிட்டது. "என்னை ஏன் காப்பாத்தினவை?" என்பதைத் தவிர வேறு கதை இல்லை.

கடைசியில், கொம்பியூட்டரில் அவன் பாதியில் விட்டிருந்த விளையாட்டைச் சீலாதான் எடுத்துப் போட்டாள். காணாமல்போன கப்பல்காரரைத் தேடி ஒருத்தி தன்னந்தனியாகக் கிரகம் கிரகமாகப் போகிற கதை அது. கிரகத்துக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு புதிர். சீலா சொல்லச் சொல்ல மைக்கல் விடை யோசிப்பான். முதல் பூட்டுத் திறந்த அன்று அவன் எழும்பி இருந்து, பசிக்குது என்றான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கண் கலங்கும். விளையாட்டு நின்றால் திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவானே என்ற பயம்தான் அவளை அந்தக் கதிரையில் இருத்தி வைத்திருந்தது.

"உங்களுக்கு அலுத்துப் போச்சோ?" என்று கேட்டாள்.

"அலுப்பெண்டு ஆர் சொன்னது? கடையில ஒரு சீடி குடுக்கேக்க நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லித்தானே குடுக்கிறனான். இதுக்கும் சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"குறையை முதலில சொல்லுறன். மூண்டாம் கிரகத்தோட புதிரின்ர தரம் விழுந்திட்டுது. ரெண்டாவதில அந்த வெளிச்சப் பூட்டுக்கு மண்டையைப் போட்டு உடைச்சனான். இப்ப கேட்டு முடிய முதலே விடை வருது."

"ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் எண்டு சொல்லுவாளாம். நீங்கள் நல்லா ஆடிப்போட்டும் கோணல் எண்டுறியள்."

"கேளுமன். போற கிரகமெல்லாம் வரிசை. தண்ணிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. போனமுறை கப்பலை மறிச்சு அடையாள அட்டையும் கேட்டவங்கள். விண்வெளியில ஆர் இவைக்கு அடையாள அட்டை அடிச்சுக் குடுக்கிறது? அந்தக் கப்பல் எஞ்சினியர் கதைக்கிறதும் பக்கத்துவீட்டு அன்னலட்சுமி அக்கா மாதிரியே கிடக்குது."

சீலாவின் விரல் கீபோட்டில் நின்றது. "வெள்ளைக்காரரிலயும் அப்பிடிச் சனம் இருக்கும்தானே," என்று ஒருமாதிரிச் சமாளித்தாள்.

"இருக்கட்டும். நல்லது என்னெண்டால் கதை. முந்தி அந்தப் பெட்டை ஒரு மெசின் மாதிரி. இப்ப கால் உளையுது எண்டுறாள். ஒரு நாளைக்கெண்டாலும் ஆரும் தேத்தண்ணி போட்டுத் தரமாட்டினமோ எண்டு கேக்கிறாள். முந்தநாள் கப்பலுக்குள்ள தனிய இருந்து அழுதாளெல்லே, எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்தது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "விளையாட்டைச் செய்தவன் பாதியில ஆள் மாறியிட்டான் போல. புதிர் போடத் தெரியாது. ஆனால் கதை சொல்லத் தெரிஞ்ச ஆள்."

"சரி சரி, கதைச்சது காணும். நான் தண்ணியை ஊத்துறன்," என்று சீலா அவசரமாகத் தட்டத் தொடங்கினாள்.

கண் எப்போது மூடியது என்று அவளுக்கே தெரியாது. நெற்றி கீபோட்டில் இடித்தபோதுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சத்தம்?"

"கப்பல்... கப்பல் ஏழாவது கிரகத்தில இறங்கியிட்டுது."

"ஆறாவதின்ர கதவு திறக்க முதலோ?"

இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு கண்ணயர்வில் போய்விட்டதே என்று சீலா பதறினாள். மைக்கல் மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்ந்தான். எல்லாம் முடிந்தது என்று அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னுமொரு குறை இருக்குது," என்றான் அவன், கட்டிலில் தான் விட்ட இடத்தைக் கையால் தட்டிக்கொண்டு. "நான் கிளினிக் போன அண்டு, ஆமிச் சுற்றிவளைப்பில வந்தவங்கள் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்களெண்டு மூண்டாம் கிரகத்திலயே எனக்குத் தெரியும் சீலா. இனியும் அந்த வெறும் கீபோட்டைத் தட்டிக்கொண்டிராமல், இதில வந்து சரிஞ்சுகொண்டு மிச்சக் கதையைச் சொல்லும்."