கொல்லனுக்கு ஒரு கல்யாணம்

“குறைச்சது போதாது. நம்ம கேம்ல வீரனும் கொல்லனும் காதலிக்கிற கதையையே எடுத்துடுங்க” என்றார் வீடியோ கேம் கம்பெனி முதலாளி.

கதை எழுதும் பெண் விடவில்லை. “ஏன் சார்? வீரன் இளவரசியைக் கட்டிக்கலாம்னா கொல்லனையும் கட்டிக்கலாமே. விளையாடுறவங்க இஷ்டம்தானே?”

“பெரியவங்க முகம் சுளிப்பாங்க. எங்கப்பாவே ஒத்துக்க மாட்டார்.”

முதலாளியின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் கம்பெனியின் கேம் எதுவானாலும் முதலில் ஆடிப் பார்ப்பவர் அவர்தான். மறுநாள் காலை விறுவிறுவென்று ஆபீசுக்குள் வந்தார்.

“கொல்லன் கதையை எழுதினது யாரு?”

அவள் எழுந்து நின்றாள். ‘சொன்னேன்ல?’ என்பதுபோல் பார்த்தார் முதலாளி.

“ரெண்டு தடவை ஆடினேன்மா. இளவரசியைக் கட்டினா விருந்து, ஆட்டம் பாட்டம், வாணவேடிக்கை. கொல்லனைக் கட்டினா ரெண்டு வரி வசனத்தோட சரி. ஏன் இந்த ஓரவஞ்சனை?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “பெரியவங்க கோவிச்சுப்பாங்கன்னு சார்தான் குறைக்கச் சொன்னார்.”

“எந்தப் பெரியவங்க?”

முதலாளி மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அப்பா மகனின் தோளில் கை வைத்தார். “வாடகையில பாதி குடுக்கிற சிநேகிதன்னு ஆறு வருஷமா ஒருத்தனை வீட்டுல வச்சிருக்கியே, எனக்கென்ன கண்ணு தெரியாதா? உன் கல்யாணத்தையாவது ஊரைக் கூட்டிப் பண்ணுடா. ரெண்டு வரியில முடிச்சிடாதே!”