இரண்டு சுற்று குறைச்சல்

"வளைவுல திரும்பினாலே உடம்பு சாயுது, மானம் போகுது" என்று அழுதுகொண்டே ஒரு சிவப்புக் கார் பட்டறைக்கு வந்தது. மெக்கானிக் அதன் ஸ்பிரிங்குகளில் இரண்டிரண்டு சுற்றை வெட்டி மூலையில் எறிந்தார். கார் தரையோடு தாழ்ந்தது.

மறுநாள் மேம்பாலத்து வளைவில் அது சாயாமல் சர்ரென்று திரும்பியது. "பாத்தியா! ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்!"

"நல்லாத்தான் போறே" என்றது அடியில் இருந்த ஸ்பிரிங். "ஆனா குழி வந்தா நான் அமுங்க இடமில்லையே."

"வளைவுல எவன்டா குழி வெட்டுவான்?"

பாலம் இறங்கி வந்த அடுத்த வளைவிலேயே, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் இருந்தது. கார் வேகம் குறைக்காமல் திரும்பியது. ஸ்பிரிங் அடிவரை அமுங்கி முட்டியது. சக்கரம் தரையை விட்டுத் துள்ளியது. கார் திரும்பாமல் நேரே போய்ப் புளியமரத்தில் மோதியது.

நொறுங்கிய காரை இழுத்து வந்து அதே பட்டறை வாசலில் போட்டார்கள். மூலையில் கிடந்த வெட்டுத் துண்டுகள் அதைப் பார்த்து விசும்பின.

அப்போது ஒரு வெள்ளைக் கார் உள்ளே வந்தது. சிவப்புக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அடிபட்டுக் கிடக்கும்போதும் என்ன கம்பீரம்! எனக்கும் இதே உயரம் வேணும்."

"வேண்டாம்டா!" என்று துண்டுகள் எல்லாம் சேர்ந்து கத்தின. அதற்குள் வெட்டும் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.